கிணற்றில் ஒரு பூசணிக்கொடி

பீடி சுற்றும் கொட்டகையில் கதை சொல்வது மாடத்திதான். ஏழு அண்ணன்மார் சேர்ந்து தங்கச்சியைக் கிணற்றில் தள்ளும் கதையை, அவள் தன் அம்மை சொன்னபடியே சொல்லிவந்தாள். தங்கச்சி கிணற்றிலேயே செத்துப்போவாள். ஒரு நாள் அந்த இடம் வந்ததும், நிறைமாதமாக இருந்த செல்லக்கனி கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கண்கலங்கினாள். மாடத்திக்கு மனசு கேட்கவில்லை. கிணற்றுக்குள் ஒரு பூசணிக்கொடியைத் தொங்கவிட்டு, அதைப் பிடித்துத் தங்கச்சியை மேலே ஏறவைத்துவிட்டாள். அதன்பிறகு கொடி இல்லாமல் அந்தக் கதையைக் கேட்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை.

சில மாதம் கழித்து மாடத்தியைப் பார்க்க வந்த அவள் அம்மையைப் பிடித்து உட்காரவைத்து, பெண்கள் அதே கதையைச் சொல்லச் சொன்னார்கள். கதையில் ஒரு சொல் பிசகினாலும் தொடையில் கிள்ளி வளர்த்தவள் அவள். மாடத்தி குனிந்த தலை நிமிராமல் பீடிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சி கிணற்றில் விழுந்தாள். கதை முடிந்தது என்று அம்மை முந்தானையை உதறிக்கொண்டு எழப்போனாள்.

"பூசணிக்கொடி எங்க பெரியம்மா?" என்றாள் செல்லக்கனி. அவள் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

அம்மை மகளை முறைத்தாள். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். மறுபடியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பதாம்ளா வெதையே ஊனியிருக்கேன். அது மொளைக்க வேண்டாமா?"