பதினைந்தாவது ஊசி

கோதண்டம் பதினோராவது குதிரையை இழுத்துக்கொண்டு வந்தபோது டாக்டர் யசோதராவுக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தக் குதிரையும் அவருடையது இல்லை.

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் காலையிலிருந்து நகரவில்லை. புழுதியும் டீசல் புகையும் தடுப்பூசி முகாமின் சாமியானாவுக்குள் வந்து தங்கிவிட்டன. ஏழு மணியிலிருந்து நின்று நின்று அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

“கெட்டியா பிடிங்க” என்றாள்.

“நீ குத்தும்மா, நான் கீறேன்ல?” கோதண்டம் குதிரையின் காதருகே ஏதோ முணுமுணுத்தார். அது அசையாமல் கழுத்தைக் கொடுத்தது.

போன வருடம் இதே மனிதர்தான் வம்பு செய்தவர். ரோட்டில் கிடக்கும் ஆணியோ கம்பியோ குத்தினால் டெட்டனஸ் வரும், இழுப்பு வந்தால் குதிரை பிழைப்பது கஷ்டம் என்று அவள் சொல்லச் சொல்ல, காதிலேயே வாங்கவில்லை.

“ஊசி போட்டா ஜிகினா ரெண்டு நாளு சுருண்டுக்கும். நாளைக்கு மாப்ள ஊர்வலம்மா. மாப்பிள்ளைய நானா முதுகுல தூக்கிகினு போறது?” என்று தன் வெள்ளைக் குதிரையைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றும் யசோதரா களைத்துத்தான் இருந்தாள். பின்னால் போய் வாதாடத் தெம்பில்லை. நோட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘மறுப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த குதிரைக்குப் போய்விட்டாள்.

இன்றோ அவரே வீடு வீடாகப் போய்க் குதிரைக்காரர்களைக் கிளப்பிக்கொண்டு வருகிறார். வர மறுத்தவர்களோடு சண்டைகூடப் போட்டாராம்.

போன வாரம்தான் காசிமேட்டுக்குக் குடிவந்த பீம்ராவ் அவரிடம் மல்லுக்கு நின்றான். “எனக்கு இன்னிக்கு பீச்சுல சவாரி கீதுய்யா. வுடு கயித்த!”

“சவாரி போனா போவட்டும் பீமு. நாளைக்குக் குதிர இருந்தாத்தான சவாரி?” கோதண்டம் கயிற்றை விடவில்லை.

“இந்தாளு நெனப்பு எனக்குப் புரியுது டாக்டரம்மா” என்றான் பீம்ராவ். “எங்க குதிரைங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னு பாத்துட்டு, அப்பால தன்னுத மெதுவா ஓட்டிகினு வருவாரு. நாங்கதான் இவருக்கு சோதனை எலி!”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வரிசையில் நின்ற மற்ற குதிரைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தரையைப் பார்த்தார். இன்னொருவர் பீம்ராவின் முழங்கையைப் பிடித்து அப்பால் தள்ளிக்கொண்டு போனார்.

யசோதராவுக்கு அதைக் கவனிக்கவும் நேரமில்லை. அடுத்த குதிரை உதைக்கிற ரகமாக இருந்தது.

மூன்று மணிக்குப் பதினாலு குதிரைகளும் முடிந்தன. சாமியானா காலியானது. கோதண்டம் மட்டும் போகாமல், குதிரைகள் குடித்த வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டிக்குள் ஒரே ஒரு ஊசி மருந்து பாக்கி இருந்தது.

“இது உங்க ஜிகினாவுக்குன்னு எடுத்து வெச்சது. ஐஸ் கரையுது. சீக்கிரம் போய்க் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

கோதண்டம் வாளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாள் முழுதும் அடக்கி வைத்த கோபம் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஊர்க் குதிரைக்கெல்லாம் ஊசி வேணும், உங்களோடதுக்கு மட்டும் வேண்டாமா? இந்த வருஷமும் நான் மறுப்புன்னு எழுதிட்டுப் போகணுமா?”

அவள் நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தாள். கோதண்டம் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அருகே வந்தார். தலை நிமிரவில்லை.

“பேர அடிச்சுடும்மா” என்றார். “தை மாசமே ஜிகினா இழுப்பு வந்து செத்துப்பூட்டா.”