படி ஏறுகிற படிப்பு

“பரீட்சைக்கு மூணு மாசம்தான் இருக்கு. இப்பப் போய் உடற்பயிற்சியா?”

மகன் நீட்டிய அட்டவணையைக் கையில் வாங்காமலேயே கேட்டார் தலைமை ஆசிரியர். ஆடிட்டர் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் அவன். மூன்றாவது தடவையும் போனால் அவனுக்கு எப்படியோ, தனக்கு நெஞ்சு தாங்காது என்று அவர் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்.

உட்கார்ந்தே படித்தால் தூக்கம் வருகிறது, முதுகு பிடித்துக்கொள்கிறது என்று மகன் காரணம் அடுக்கினான். ஜிம் என்றான். போக வர ஒரு மணி நேரம் தண்டம் என்றார். நீச்சல் என்றான். தலை துவட்டுகிற நேரத்தில் ஒரு பாடம் முடிந்திருக்கும் என்றார். காலையில் ஓட்டம் என்றான். ஓடிவிட்டு வந்து இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாய் என்றார்.

“அப்ப மாடிப்படி,” என்றான் மகன். “நாலு மாடி ஏறி இறங்கப் பத்தே நிமிஷம். ஐம்பது நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் படி. சாயங்காலம் அஞ்சரை, ஆறரை, ஏழரை. அவ்வளவுதான்.”

இதில் குறை கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. அடுக்களையிலிருந்து மனைவி குறுக்கே புகுந்தாள். டாக்டர் உங்களையும்தான் நடக்கச் சொல்லி ஆறு மாசமாச்சு, சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது என்றாள்.

“எனக்கு ஏது நேரம்?” என்று அவர் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் அவருக்குப் பொறி தட்டியது. மகன் மாடிக்குப் போகும்போது புத்தகத்தோடு போனும் கூடவே போகிறது. படி ஏறுகிறவனுக்குப் போன் எதற்கு?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘பறக்கும் படை’. காப்பி அடிக்கிறவன் பின்னால் சத்தமில்லாமல் போய் நின்று, கையும் களவுமாகப் பிடிப்பதில் மன்னர். தலைமை ஆசிரியரான பிறகு அந்த வேலை போய், நாற்காலியே கதி என்று ஆகிவிட்டது. இப்போது பழைய கை அரிக்க ஆரம்பித்தது.

தண்ணீர் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். லிஃப்டில் போனால் கதவுச் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியில் ஏறினார். இரண்டாவது மாடியிலேயே முட்டி கெஞ்சியது. மூன்றாவதில் நின்று மூச்சு வாங்கினார். நாலாவது மாடித் திருப்பத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு காதைத் தீட்டினார்.

மொட்டை மாடிக் கதவுக்குப் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மடியில் புத்தகம், காதில் போன்.

“நீ கவலைப்படாதே. இல்ல, அவருக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே எல்லாம் நின்னுடும். ம், நாளைக்கும் இதே நேரம்தான்.”

‘நீ’யாம். அங்கேயே பாய்ந்திருப்பார். ஆனால் பறக்கும் படைக்கு ஒரு முறை உண்டு. துண்டுச் சீட்டு கைக்கு வராமல் யாரையும் எழுப்பி நிறுத்தக் கூடாது. யார் அந்தப் பெண், எந்த வீடு, என்ன படிக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் பிடி. மகன் இறங்குவதற்குள் அவசர அவசரமாக இறங்கி வீட்டுக்குள் புகுந்து, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆறரைக்கும் மோட்டார். ஏழரைக்கும் மோட்டார். ஒரு நாளைக்கு மூன்று தடவை ஒரு மோட்டாரில் பார்க்க என்ன இருக்கிறது என்று மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம், சூதுவாது தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்து வாரம் இப்படியே போயிற்று. பெயர் மட்டும் சிக்கவில்லை. பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட வேண்டியிருந்தது. பிள்ளையைப் பற்றிய கவலையிலேயே உருகிப் போய்விட்டேன் என்று மனைவியிடம் புலம்பினார்.

“இருக்கும்,” என்றாள் அவள், துணி மடித்தபடி. “பெத்தவங்களுக்குக் கவலை இருக்கத்தானே செய்யும்.”

ஆறாவது வாரம் அவருடைய பொறுமை போய்விட்டது. முறையாவது மண்ணாவது என்று, நாலு மாடியையும் எங்கும் நிற்காமல் ஏறி மகனுக்குப் பின்னால் போய் நின்றார். அவனோ முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“முன்னைக்கு இப்ப எவ்வளவோ பரவாயில்ல. மூச்சே வாங்கறதில்ல.”

உட்கார்ந்த இடத்தில் உனக்கு ஏன்டா மூச்சு வாங்கப் போகிறது என்று பல்லைக் கடித்தார். கையை நீட்டிப் போனைப் பிடுங்கினார்.

மகன் பதறி எழுந்தான். காப்பி அடித்து மாட்டியவனுடைய முழி. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவனை, உதட்டில் விரலை வைத்துக் காட்டி அடக்கினார். இனி அவள் பேசட்டும். போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடுத்து, முப்பது வருஷமாக அவர் கேட்டுப் பழகிய குரல்.

“என்னடா பேச்சைக் காணோம்? உங்கப்பா இன்னிக்கு எந்த மாடியில ஒளிஞ்சிருக்கார்? சட்டுனு மாட்டிக்காதே, இன்னும் ஒரு மாசமாவது அவரை ஏற வைக்கச் சொல்லியிருக்கார் டாக்டர்.”