காய்ந்த துண்டும் டிரையர் அண்ணனும்

லாண்டரி டிரையரின் வயிற்றுக்குள் சுழன்றுகொண்டிருந்த வெள்ளைத் துண்டுக்கு மூச்சு முட்டியது. "அண்ணே, நான் எப்பவோ காய்ஞ்சுட்டேன். இறக்கி விடுங்க, நூல் நூலா உதிர்றேன்" என்று கெஞ்சியது.

"சும்மா கிட! சீக்கிரம் நிறுத்தினா என்னைச் சோம்பேறின்னுடுவாங்க" என்று டிரையர் இன்னும் அனலை ஊதியது.

பக்கத்திலிருந்த பிழியும் மிஷினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாதித் தண்ணியை நான் பிழிஞ்சேன், மீதியும் போயாச்சு. இப்பக் கரன்ட்டைக் குடிச்சு எதைடா காய வைக்கிறே, காத்தையா?"

ரோஷத்தில் டிரையர் இன்னும் வேகமாகச் சுற்றியது.

ஒருவழியாகக் கதவு திறந்தபோது துண்டு கொசுவலை மாதிரி மெலிந்திருந்தது. டிரையரோ, பஞ்சு பிடிக்கும் தட்டில் குவிந்து கிடந்த நூல்பிசிறைப் பெருமையாகக் காட்டியது. "பார்த்தியா, எவ்வளவு உழைச்சிருக்கேன்!"

"பார்த்தேண்ணே," என்றது துண்டு. "அத்தனையும் என் உடம்பு."