உடம்புச் சூடு

பேச்சிமுத்து இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் நிலோஃபரின் ஆய்வகத்தில் சாகாமல் பெருகிக்கொண்டிருந்தன. பெரும்பாலானவர்களின் உடம்பில் சும்மா தூங்கிக் கிடக்கும் ஹெர்பிஸ் வகை வைரஸ் ஒன்று அவரிடம் புற்றுநோயாக மூண்டிருந்தது. அந்தச் செல்களைக் கொல்லும் என்று நம்பிய மருந்தை இன்று சோதிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவருடைய மனைவி சொர்ணம் வந்துவிட்டாள்.

நிலோஃபர் இன்குபேட்டரைத் திறந்து, உள்ளங்கையில் அடங்கும் குடுவை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். இளஞ்சிவப்புத் திரவத்தில் பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது.

"இது அவுகளா டாக்டரம்மா?"

"அவரோடதுதாம்மா. ஆனா அவரக் கொன்னதும் இதுதான்."

சொர்ணம் தலையாட்டினாள். பிறகு, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் புறங்கையைக் குடுவையின்மேல் வைத்தாள்.

"கடைசி மாசம் பூரா கொதிச்சுக்கிட்டே கெடந்தாக. இப்பம் காய்ச்சல் இல்ல."

"எப்பவும் உடம்புச் சூட்டுலதான் வச்சிருப்போம். குளுந்தா தாங்காது."

நிலோஃபர் அந்தப் பக்கம் திரும்பி மருந்தை அளவுக் குழாயில் உறிஞ்சி எடுத்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி திரும்பியபோது மேசைமேல் குடுவை இல்லை. சொர்ணம் அதை முந்தானையால் சுற்றி, இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"ஆறிப்போவுது" என்றாள்.

கையிலிருந்த மருந்து சொட்டிவிடாமல் நிலோஃபர் நின்றுகொண்டிருந்தாள்.