ஒரே கை

எடுத்த எடுப்பிலேயே காரின் முன்பக்கத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் றிஃப்னா அந்த வளவுக்குள் நுழைந்தாள்.

முந்தல் என்ற ஊரில், இறால் பண்ணை முதலாளி ஒருவரின் வீடு. தென்னைகளுக்கு நடுவே, தகரக் கொட்டிலின் கீழ், இரண்டு கதவுள்ள நீல நிற ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு படிந்து நின்றது.

விற்பவன் முதலாளியின் மகன் முனாஸ். இருபத்தைந்து வயதிருக்கும். பெண் ஒருத்தி தனியாக வந்திருப்பதைப் பார்த்ததும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ட மாப்பிள கட்டார்ல. அடுத்த மாசம் வாறார். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்" என்று கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

அவன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

அவள் அவசரப்படவில்லை. நான்கு டயரையும் பார்த்தாள். மைலேஜைப் படித்தாள். கால்விரிப்பைத் தூக்கி, உப்புக் காற்றில் அடித்தகரம் துருப்பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவினாள். வாகனம் வாங்கப் போனால் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று அவளுடைய கணவன் எப்போதோ சொல்லித் தந்திருந்தான்.

முனாஸ் எஞ்சினை ஸ்டார்ட் செய்து உறுமவிட்டான். கொட்டில் தகரம் அதிர்ந்தது. இறங்கி வந்து, கட்டாரில் இருக்கும் அண்ணனிடமே பேசுவதுபோலக் கைபேசியைப் பார்த்துப் பேசினான்.

"நானா, சத்தத்தக் கேட்டீங்களா? இந்த டர்போ புத்தளத்திலயே வேற யார்ட்டயும் இல்ல."

"எத்தின பேர் ஓட்டினது?" என்று கேட்டாள். "டிரைவர்மார் ஓட்டினா கிளட்ச் போயிரும் எண்டு அவர் சொன்னார்."

"ஒரே கை, நானா. என்ட கை. வாப்பாவுக்கே சாவி குடுத்ததில்ல. வீட்டுல டிரைவர் ஒருத்தன் இருந்தான். அவன் கழுவுறதோட சரி. இந்தக் கியரெல்லாம் அவனுக்கெங்க தெரியும்."

அவன் முகம் முழுதாகத் தெரியும்படி கைபேசியைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகுதான் முன்பக்கம் போனாள். பொனட்டின் நீலம் கதவின் நீலத்தைவிட ஒரு பங்கு புதிதாக இருந்தது. முன்விளக்குகளில் ஒன்று மட்டும் பளபளத்தது.

"இதுல என்ன நடந்த?"

"அது ஒண்டுமில்ல ராத்தா. அஞ்சு மாசமிரிக்கும். பாலாவிப் பக்கம் ஒரு மாடு குறுக்க பாய்ஞ்சிட்டுது."

"மாடா?"

"மாடுதான்."

"நீங்களா ஓட்டினீங்க?"

"வேற யாரு?"

அவளுக்குக் கையிலிருந்த கைபேசியாலேயே அந்தப் புது விளக்கை அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது. நொறுக்கினால் வந்த வேலை கெட்டுப்போகும். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, விளக்கை இன்னும் கிட்டப்போய்ப் படம் பிடித்தாள்.

பெயர் மாற்றக் கொஞ்ச நாளாகும், இப்போதைக்கு வாங்குபவர் பெயர் போடாத ஓப்பன் பேப்பரில் எழுதித் தருகிறேன் என்றான் முனாஸ். கோர்ட்டில் சின்னதொரு வேலை இருக்கிறதாம்.

மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் கிளம்பினாள். வேறு ஆட்களும் கேட்கிறார்கள் என்று பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னான். அவளுடைய பெயரைக் கடைசிவரை கேட்கவேயில்லை.

சிலாபம் வீதிக்கு வந்து, பஸ் நிற்குமிடத்தில் உட்கார்ந்து வீடியோவை முழுதாகப் பார்த்தாள். ஒரு வார்த்தை தவறாமல் எல்லாம் இருந்தது. அதைப் புத்தளத்தில் வழக்குப் பேசும் சட்டத்தரணிக்கு அனுப்பினாள்.

கட்டாரில் அவளுக்கு யாருமில்லை.

அவளுடைய கணவன் நஜாத் அந்த வீட்டில் ஆறு வருடம் டிரைவராக இருந்தவன்; அவளை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஐந்து மாதத்துக்கு முன், உப்பளத்தில் வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர் பாலாவியில் அந்தக் கார் அடித்து மவுத்தானார். ஓட்டியது நான்தான் என்று நஜாத் பொலிசில் சொன்னான். விளக்கமறியல் சிறையில் இருந்துகொண்டு அவளிடமும் அதையே சொன்னான். அந்தக் காரின் சாவியைத் தன் கையில் தரவே மாட்டார்கள் என்று அதற்கு முன் எத்தனையோ தடவை சொல்லியிருந்தவனும் அவன்தான். பிணையில் எடுக்கிறேன் என்ற முதலாளி இன்னும் எடுக்கவில்லை.

மறுநாள் அவனைப் பார்க்கப் போனாள். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று, முனாஸ் சொன்னதையெல்லாம் வாயாலேயே சொன்னாள்.

நஜாத்துக்குக் கோபம் வந்தது.

"ஆர் உன்னய அங்க போகச் சொன்ன? முதலாளி வாக்குத் தந்திரிக்கார்."

முனாஸுக்கு முன்னால் விழுங்கிய கோபமெல்லாம் அப்போது அவளுக்கு மேலே வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"செத்த மனுசன அவன் மாடு எண்டு சொல்றான். அவனுக்காகத்தான் நீங்க இங்க இரிக்கிறீங்க."

வலையைப் பிடித்திருந்த அவன் விரல்கள் தளர்ந்தன. பக்கத்தில் யார் யாரோ யார் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள். பார்வை நேரம் முடியப் போகிறது என்று காவலர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"முனாஸ்தான் ஃபோன் பண்ணிக் கூப்பிட்டான்" என்றான் நஜாத். "நான் போய்ச் சேரக்குள்ள அந்த மனுசனுக்கு உயிர் இருந்திச்சு. தண்ணி கேட்டார்."

அவள் வலைக்கு இன்னும் கிட்டப் போனாள்.

"தண்ணிய விடு, ஆக்கள் வர முந்தி நீ ஏறி டிரைவர் சீட்டுல இரு எண்டான் அவன்."

நஜாத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் ஏறி இருந்தன்."