ரோசன்தால் சாருக்காக ஒரு விரதம்

"பிருந்தா, அந்த டப்பாவை மூடு! புளியோதரை வாசனை அவர் ரூம் வரைக்கும் போகும்!"

டீம் லீடர் கல்யாணசுந்தரம் போட்ட அதட்டலில் பிருந்தா ஸ்பூனைக் கீழே போட்டாள்.

"பசிக்குது சார். மணி ஒண்ணரை ஆகுது."

"இன்னைக்கு யூதர்களோட யோம் கிப்பூர். வருஷத்துலயே பெரிய விரதம். பச்சைத் தண்ணிகூட குடிக்க மாட்டாங்க. ரோசன்தால் சார் உள்ளே பட்டினி கிடக்கார், நீ இங்கே அப்பளம் நொறுக்குவியா?"

ஜெர்மனியில் இருந்த அந்த ஸ்டுட்கார்ட் அலுவலகத்துக்கு ரோசன்தால் டைரக்டராக வந்து மூன்று வாரம்தான். டிசம்பரோடு கல்யாணசுந்தரத்தின் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதும் மூட்டை கட்ட வைப்பதும் புது டைரக்டர் கையில். மகளை இப்போதுதான் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். பாவம், மனுஷருக்குத் தூக்கமே போய்விட்டது.

"அவர் யூதர்னு யார் சார் சொன்னா?" என்றான் வசந்த்குமார்.

"யாராவது சொல்லணுமா? பேரைக் கேட்டா போதாதா? ஊர்ல நான் பேரை வெச்சே ஒருத்தன் பூர்வீகம் வரைக்கும் சொல்லிடுவேன்!"

அப்போது டெஸ்டிங் பார்க்கும் வேரா வந்து நின்றாள். உக்ரைனிலிருந்து இங்கே குடியேறியவள். அதிகம் பேச மாட்டாள். பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது. வேராதான் ஆரம்பித்தாள்.

"நான் இப்போதாவது கிளம்பலாமா? போன வாரமே லீவு கேட்டேன். இன்றைக்கு எனக்கு..."

"காரணம் எதுவாக இருந்தாலும் இன்றைக்கு முடியாது, வேரா. டீம் மொத்தமும் இருந்து மரியாதை காட்ட வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் நன்றாக இருக்காது. நீங்களும் எதுவும் சாப்பிடாதீர்கள்."

"சாப்பிடவில்லை" என்று சொல்லிவிட்டு வேரா தன் இடத்துக்குத் திரும்பினாள்.

"பாத்தியா, அவங்களுக்கு இருக்கிற பொறுப்பு உனக்கு இருக்கா?" என்று பிருந்தாவை முறைத்தார் கல்யாணசுந்தரம்.

கதவு திறந்தது. ரோசன்தால் வந்தார். கையில் பாதி கடித்த சாண்ட்விச்.

"ஏன் ஒருவரும் கேன்டீன் பக்கமே வரவில்லை? நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்."

கல்யாணசுந்தரம் அந்த சாண்ட்விச்சையே பார்த்தார். மாட்டிக்கொண்டார் என்ற குஷியில் வசந்த்குமார் முந்திக்கொண்டான். "இன்றைக்கு யோம் கிப்பூர் இல்லையா சார்? டீம் மொத்தமும் விரதம். எல்லாம் இவர் ஏற்பாடு."

ரோசன்தால் சாண்ட்விச்சைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"நான் சர்ச்சுக்குப் போகிறவன், எனக்கு இது தோன்றவே இல்லையே! கூட வேலை பார்க்கும் ஒருத்திக்காக ஒரு டீமே பட்டினி இருக்கிறதா!" கல்யாணசுந்தரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களைப் போன்றவரை நான் ஊருக்கு அனுப்புவேனா? கவலையை விடுங்கள்!"

யார் அந்த ஒருத்தி என்று புரியாவிட்டாலும் கல்யாணசுந்தரம் அடக்கமாகத் தலையாட்டி வைத்தார். பசிகூடப் பறந்துவிட்டது.

"வேராவை யூதர்களின் ஜெப ஆலயத்துக்கு அனுப்பிவிட்டீர்கள்தானே? நாளை வந்ததும் நானே அவளிடம் சொல்கிறேன்."

"நான் இங்கேதான் இருக்கிறேன் சார்" என்று கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து எழுந்தாள் வேரா. "என் பண்டிகைக்கு மரியாதை காட்ட ஆள் குறையும் என்று எனக்கு லீவு கொடுக்கவில்லை."