பத்தும் முப்பதும்

"ஏனுங்க மேடம், உங்க ரவுட்டர் எங்களைக் கண்டுக்கவே மாட்டேங்குதுங்க" என்றான் அமலன் போனில், பழனி ஆபீசிலிருந்து.

போன வாரம் வரை அவன் வாயில் வினோலியா 'வினோ'. நிச்சயம் முடிந்த கையோடு, கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊரில் குடியிருப்பது என்று தொடங்கிய பேச்சு முற்றி, இப்போது மேடம் ஆகியிருந்தாள்.

திண்டுக்கல்லை விட்டு வர மாட்டேன் என்றாள் அவள். பழனியை விட்டு நகர மாட்டேன் என்றான் அவன். நடுவில் ஒட்டன்சத்திரத்தில் வீடு பார்த்தால் என்ன என்று கேட்ட அவளுடைய அண்ணனை இரண்டு பேரும் சேர்ந்து முறைத்தார்கள். கடைசியாக ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஊரறியச் சொல்லும் முதல் ஓலையை வாசிக்க வேண்டும். வாசிக்கவா, வேண்டாமா என்று இன்று சாயங்காலத்துக்குள் பங்குச்சாமியாருக்குச் சொல்லியாக வேண்டும் என்று அப்பா சூசை காலையிலேயே சொல்லிவிட்டார், டீ டம்ளரைப் பார்த்தபடி. அவளுக்கு அமலனை விடவும் மனமில்லை, அவனிடம் முதலில் இறங்கிப் பேசவும் வாய் வரவில்லை.

ஆபீசுக்கு வந்ததும் வராததுமாக மேனேஜர் முகமது பாரூக்கின் அறைக்குள் போய்வந்தாள்.

இந்த லட்சணத்தில், அவர்கள் வேலை பார்க்கும் பார்சல் கம்பெனியின் இரண்டு ஆபீசையும் இன்றைக்கே இணைக்க வேண்டுமாம்.

திண்டுக்கல்லில் புது லைன். பழனியில் இன்னும் பழைய லைன். இரண்டு முனையிலும் உள்ள ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று ஹலோ சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் ஒரே இடைவெளியில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை மற்றொன்று ஆளாகவே மதிக்காது.

தன் பக்கம் பார்த்தாள். பத்து விநாடிக்கு ஒரு ஹலோ. பழனியில் எவ்வளவு என்று விசாரித்தாள். முப்பதாம்.

கோளாறைப் பிடித்தாயிற்று. யாராவது ஒருவர் மாற்றினால் போதும்.

யார் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. போனின் இரண்டு பக்கமும் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்கம்பக்கத்தில் எந்த ரவுட்டரும் இல்லை என்றது திரை.

குழம்பிப்போய், மறுபடி எண்ணைக் கேட்டாள். பழனியில் இப்போது பத்து.

அவள் முப்பதாக்கி வைத்திருந்தாள்.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் பொத்தக்கூட இல்லை, அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வாரத்து வீம்பு கொஞ்சம் இளகியது.

"ரெண்டு பேரும் மாத்துனா எப்புடிச் சேரும்? நீங்க செத்த நேரம் சும்மா இருங்க, நான் மாத்துறேன்" என்றாள்.

பழையபடி பத்தாக்கினாள். திரையில் பழனி வந்து உட்கார்ந்தது. மனமில்லாமல் போனை வைத்தாள்.

அந்நேரம் பாரூக் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"காலைல நீ கேட்ட டிரான்ஸ்பருக்கு ஹெட் ஆபீஸ்ல சரின்னுட்டாங்கம்மா. திங்கக்கெழமைலருந்து உனக்குப் பழனி. நல்லவேளை, அந்த அமலன் தம்பி நேத்தே திண்டுக்கல் வேணும்னு கேட்டிருந்துச்சாம். மியூச்சுவல்ல போட்டு ஆளுக்கு ஆள் மாத்திட்டாங்க."

வினோலியா மறுபடியும் போனை எடுத்தாள்.

முதலில் பங்குச்சாமியாரைக் கூப்பிட்டு, ஓலையை வாசிக்கச் சொன்னாள். பழனிக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.